நான்கு நிமிடப் படம் எடுப்பது எப்படி?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

நம் திருச்சிக்கும் சலனப் படத்துக்கும் உள்ள உறவு இன்று நேற்று ஏற்பட்டதன்று. 1905-ஆம் ஆண்டில் இங்கே ரயில்வே அலுவலகத்தில் பணிபுரிந்துகொண்டிருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் என்னும் இளைஞர், ஊர் ஊராகப் படம் காட்டிவந்த டூபான் என்ற பிரெஞ்சுக்காரர் உடல்நலம் குன்றித் தொழிலைத் தொடர முடியாமல் போனபோது, அவரிடமிருந்த படக்கருவியையும் சுருள்களையும் விலைக்கு வாங்கினார். ரயில்வே வேலையை விட்டார். கூடாரமும் கருவியுமாக ஊர்களைச் சுற்றினார். பின்னர் 1914-இல் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் என்ற நிலையான அரங்கை எழுப்பியவரும் அவரே.

அன்று ஒரு மனிதர் தம் உத்தியோகத்தையே துறந்து அடைந்த கருவியைக் காட்டிலும் பன்மடங்கு வல்லமை கொண்ட ஒன்று இன்று நம் புத்தகப் பையில் கிடக்கிறது. அவருடைய கருவி படத்தைக் காட்ட மட்டுமே செய்யும். நம் கைப்பேசியோ படம் பிடிக்கும், ஒலி பிடிக்கும், வெட்டி ஒட்டும், காட்டவும் செய்யும். ஆயினும் கருவி இருப்பதனாலேயே படம் வந்துவிடுவதில்லை. இதை நான் எந்த நூலிலும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, பட்டுத் தெரிந்துகொண்டேன். அந்தப் பாட்டைச் சக மாணவ மாணவியர்க்குச் சொல்லவே இக்கட்டுரை. முற்றும் கற்றவள் எழுதுவதாக யாரும் எண்ண வேண்டா. ஒரே ஒரு படத்தை எடுத்து, அதையும் ஒருமுறை கெடுத்து, பிறகு திருத்தியவள் எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு நம் கல்லூரி நுண்கலை மன்றம் குறும்படப் போட்டி ஒன்றை அறிவித்தது. படம் ஐந்து நிமிடத்துக்கு மேற்படக் கூடாது. பொருள், ‘எங்கள் ஊர்’. என் ஊர் அரியமங்கலம். அன்று மாலையே கைப்பேசியை எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிட்டேன். உய்யக்கொண்டான் வாய்க்காலை எடுத்தேன். ராசராச சோழன் காலத்து வாய்க்கால் அல்லவா, விடலாமா? தஞ்சாவூர்ச் சாலையில் பேருந்துகள் போவதை எடுத்தேன். ரயில் போவதை எடுத்தேன். மாநகராட்சிக் குப்பைக் கிடங்கை எடுத்தேன். காய்கறிக் கடை, மாடு, மாலை வெயில், கோயில் மணி, சண்டை போடும் நாய்கள் என ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. மூன்று நாளில் 1 மணி 10 நிமிடம் சேர்ந்தது. கைப்பேசியில் இடம் தீர்ந்துபோய், ஆய்வக ஏட்டுக்காக எடுத்துவைத்திருந்த படங்களை அழிக்க வேண்டியதாயிற்று.

நான்காம் நாள் உட்கார்ந்து முழுவதையும் பார்த்தேன். அதில் ஊர் இருந்தது, படம் இல்லை. எங்கள் துறைப் பேராசிரியர் ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். 5 நிமிடம் பொறுமையாகப் பார்த்தார். பிறகு, “படம் எதைப் பற்றியம்மா?” என்றார். “அரியமங்கலத்தைப் பற்றி, ஐயா” என்றேன். “அது ஊர்ப்பெயர். படம் எதைப் பற்றி? ஒரே வாக்கியத்தில், வினைச்சொல்லோடு சொல். யார், என்ன செய்கிறார்?” என்று கேட்டார். என்னால் சொல்ல முடியவில்லை.

முதல் பாடம் இதுதான். வினைச்சொல் இல்லாத வாக்கியத்திலிருந்து படம் பிறக்காது. ‘எங்கள் ஊர் அழகானது’ என்பதை எப்படிப் படம் பிடிப்பது? ‘ஒரு கிழவி தண்ணீர் வண்டிக்காகக் காத்திருக்கிறாள்’ என்பதைப் பிடித்துவிடலாம். அவள் காத்திருப்பது தொடக்கம். வண்டி வருவதோ வராமற் போவதோ முடிவு. இடையில் என்னென்ன காட்ட வேண்டும் என்பது தானே வந்துவிடும்.

இரண்டு நாள் யோசித்தேன். வீட்டுக்குள்ளேயே இருந்தது என் வாக்கியம். என் தந்தையார் தஞ்சாவூர்ச் சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில் கிரில் பட்டறையில் வெல்டர். ‘என் அப்பா ஒரு கேட்டைச் செய்து முடிக்கிறார்.’ இவ்வளவுதான். இரும்புக் கம்பிகள் வந்து இறங்குவது தொடக்கம். கேட்டு வண்டியில் ஏறுவது முடிவு.

உலகின் முதற் படங்களுள் ஒன்றும் ஒரு வாயிற்கதவைப் பற்றியதே என்பது பின்னால் படித்தபோது தெரிந்து மகிழ்ச்சி உண்டாயிற்று. 1895 டிசம்பர் 28 அன்று பாரிஸ் நகரில் லூமியேர் சகோதரர்கள் கட்டணம் பெற்றுக் காட்டிய பத்துப் படங்களுள் ஒன்று, லியோன் நகரில் அவர்களுடைய தொழிற்சாலையிலிருந்து தொழிலாளர்கள் வெளியேறுவது. சுருளின் நீளம் 17 மீட்டர். ஓடும் நேரம் 50 வினாடி அளவு. கருவி அசையவே இல்லை. வாயில் திறக்கிறது, கூட்டம் வெளியே வருகிறது, அவ்வளவே. தற்செயலாக அமைந்ததுபோல் தோன்றும். ஆனால் இதே காட்சியை அவர்கள் ஒருமுறை எடுத்ததோடு விடவில்லை. மூன்று வடிவங்கள் இன்றும் இருக்கின்றன. 50 வினாடிப் படத்துக்கே மூன்று முறை முயன்றிருக்கிறார்கள் என்றால் நம் நான்கு நிமிடத்துக்குத் திட்டம் வேண்டாமா?

இம்முறை கைப்பேசியைப் பையிலேயே வைத்துவிட்டுப் பட்டறைக்குப் போனேன். ஒரு நாள் முழுவதும் ஓரமாக நின்று பார்த்தேன். எந்த வேலைக்குப் பின் எந்த வேலை, யார் எங்கே நிற்கிறார், வெளிச்சம் எப்போது எங்கிருந்து வருகிறது என்று குறித்துக்கொண்டேன். பட்டறையின் முகப்பு கிழக்குப் பார்த்தது. காலை ஒன்பதரை முதல் பதினொன்று வரை வெயில் தரையில் விழுந்து மேலே தெறித்து, தகரக் கூரைக்குக் கீழிருக்கும் முகங்களை இதமாகக் காட்டுகிறது. அதற்குப் பின் வாசல் வெளுத்து உள்ளே இருண்டுவிடுகிறது. இந்த ஒரு செய்தி எனக்கு இரண்டு நாள் வேலையை மிச்சப்படுத்தியது.

அனுமதி பெறுவதும் திட்டத்தில் ஒரு பகுதியே. முதலாளி, “வேலை கெடாம எடுத்துக்கம்மா” என்றார். அப்பாவுடன் வேலை செய்யும் ஓர் அண்ணன் மட்டும் தம் முகம் வர வேண்டாம் என்றார். காரணம் கேட்கவில்லை. அவர் கைகளை மட்டும் எடுத்தேன். படத்தில் மிக நன்றாக வந்திருப்பவை அந்தக் கைகளே.

பிறகு பழைய ரெக்கார்டு நோட்டின் எழுதாத பக்கங்களில் மூன்று கட்டம் போட்டேன். முதற் கட்டத்தில் கண்ணுக்குத் தெரிவது. இரண்டாவதில் காதுக்குக் கேட்பது. மூன்றாவதில் இந்தத் துண்டு எதற்கு. மூன்றாவது கட்டத்தில் எழுத ஒன்றும் கிடைக்காத துண்டுகளை அடித்துவிட்டேன். 31 துண்டுகள் 17 ஆயின. உய்யக்கொண்டான் வாய்க்கால் இந்த இடத்தில்தான் அடிபட்டது. மனம் கேட்கவில்லை. ஆனால் கேட்டுக்கும் வாய்க்காலுக்கும் என்ன தொடர்பு என்று மூன்றாவது கட்டம் கேட்டபோது விடை இல்லை.

எழுத்து வராதவர்களும் திட்டம் போடலாம். சத்யஜித் ராய் தம் முதற் படமான ‘பதேர் பாஞ்சாலி’க்கு வழக்கமான முழுத் திரைக்கதை எழுதி வைத்துக்கொள்ளாமல், காட்சிகளைச் சிறு சிறு ஓவியங்களாக ஒரு நோட்டில் வரைந்து வைத்திருந்தார். அகமதாபாத்தில் ‘சேவா’ என்னும் மகளிர் தொழிற்சங்கம் 1984-இல் வீடியோப் பிரிவு ஒன்றைத் தொடங்கியபோது, பயிற்சி பெற்ற உழைக்கும் பெண்களில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் இருந்தனர். அவர்கள் கருவியைக் கையாளவும் தொகுக்கவும் கற்றுக்கொண்டு தங்கள் வாழ்வைத் தாங்களே படமாக்கினார்கள். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். ‘இதெல்லாம் நமக்கு வருமா’ என்ற தயக்கம் எனக்கு எப்போதும் உண்டு. அந்தப் பெண்களைப் பற்றிப் படித்த பிறகு, குறைந்தபட்சம் படம் எடுக்கும் காரியத்திலாவது, அந்தத் தயக்கம் குறைந்தது.

இனிப் படப்பிடிப்பு. கைப்பேசியைப் படுக்கை வாட்டில் பிடியுங்கள்; நம் கண்கள் பக்கவாட்டில் அமைந்தவை. இரண்டு முழங்கைகளையும் விலாவோடு ஒட்டிக்கொண்டால் நடுக்கம் குறையும். செங்கல் அடுக்கின்மேல் வைத்தால் நடுக்கமே இல்லை. எந்தத் துண்டையும் 10 வினாடிக்குக் குறையாமல் எடுங்கள். வேண்டியது 3 வினாடிதான் என்றாலும் முன்னும் பின்னும் கொஞ்சம் இருந்தால்தான் தொகுக்கும்போது வெட்ட இடம் கிடைக்கும். ஒரே வேலையைத் தூரத்திலிருந்து ஒருமுறை, இடுப்பளவில் ஒருமுறை, கை மட்டும் தெரிய ஒருமுறை எடுங்கள். கேமராவை இழுத்து இழுத்துச் சுழற்றாதீர்கள். பொருள் அசைகிறது, கேமராவுக்கு ஏன் அசைவு?

வெளிச்சத்தைப் பற்றி இயற்பியல் மாணவி என்ற முறையில் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். முதல் நாள் எடுத்த துண்டுகளில் கறுப்புப் பட்டைகள் மேலிருந்து கீழாக ஊர்ந்துகொண்டிருந்தன. கைப்பேசி பழுதாகிவிட்டது என்று பயந்துவிட்டேன். பழுது கைப்பேசியில் இல்லை. நம் மின்சாரம் வினாடிக்கு 50 சுற்று மாறுமின்னோட்டம். ஒவ்வொரு சுற்றிலும் மின்னோட்டம் இருமுறை உச்சத்தை அடைவதால் பட்டறையிலுள்ள குழல் விளக்கு வினாடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கிறது. நம் கண்ணுக்கு அது தெரிவதில்லை. கேமரா ஒவ்வொரு படத்துக்கும் 1/50 வினாடி ஒளியை வாங்கினால் இரண்டு முழுத் துடிப்புகள் அதற்குள் அடங்கும். 1/100 வினாடி என்றால் ஒன்று. எப்போதும் சமமான ஒளி. ஆனால் 1/60 வினாடி என்றால் ஒன்றேமுக்காலுக்குச் சற்றுக் குறைவான துடிப்புகள் அகப்படும். ஒருமுறை அதிகம், ஒருமுறை குறைவு. போதாக்குறைக்கு நம் கைப்பேசிக் கேமரா படம் முழுவதையும் ஒரே கணத்தில் பதியாமல் வரி வரியாகப் பதிகிறது. அதனால் சில வரிகள் வெளுப்பாகவும் சில வரிகள் கறுப்பாகவும் ஆகிப் பட்டையாகத் தெரிகின்றன. கேமராவின் கையியக்க அமைப்பில் 1/50 அல்லது 1/100 என்று மாற்றியதும் பட்டைகள் மறைந்தன. இரண்டு செமஸ்டராகப் படித்த மாறுமின்னோட்டம் வாழ்க்கையில் முதன்முறையாக எனக்கு உதவிய நாள் அது.

அடுத்த சிக்கல் வெல்டிங் வெளிச்சம். ராடு இரும்பைத் தொட்டவுடன் படம் முழுவதும் இருண்டு, நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி மட்டும் நின்றது. கேமரா தானாகவே சராசரி வெளிச்சத்தைக் கணக்கிட்டு, ‘ஒளி அதிகம்’ என்று கதவைச் சாத்திவிடுகிறது. இதைத் தடுக்க, வெல்டிங் தொடங்குமுன் அப்பாவின் தோள்மீது திரையை அழுத்திப் பிடித்து ஒளி அளவைப் பூட்டி வைத்தேன். பூட்டியபின் தீப்பொறி வெளுத்துப் போனாலும் ஆளும் சுவரும் தெரிகின்றன. ஆனால் ஓர் எச்சரிக்கை. அந்த ஒளியில் புற ஊதாக் கதிர் மிகுதி. கேமராவை நேரே வெகுநேரம் காட்டினால் அதன் உணரிக்குக் கேடு வரலாம். நம் கண்ணுக்கோ கேடு உறுதி. பார்க்கும்போது ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்து, இரவில், கண்ணில் மணலை அள்ளிப் போட்டதுபோல் உறுத்தும். “திரையப் பாத்துத்தானே எடுக்கிறேன்” என்று நான் சொன்னதற்கு, “ஓரத்துல அடிக்கிறது கண்ணுக்குள்ள போவாதா? திரும்பு பாப்பா” என்று அப்பா அதட்டி, தமக்கு வைத்திருந்த இன்னொரு கறுப்புக் கண்ணாடிக் கவசத்தைக் கொடுத்தார். அதன்பின் பொறியையே எடுப்பதை விட்டு, பொறியின் ஒளி எதிர்ச் சுவரில் நடுங்குவதை எடுத்தேன். ஒரே ஒரு துண்டுக்கு மட்டும், பழைய கவசத்திலிருந்து கழற்றிய கறுப்புக் கண்ணாடியைக் கேமராவின் முன் வைத்து எடுத்தேன். மற்றதெல்லாம் இருளில் மறைய, இரும்பு உருகிக் குளமாகி ராடின் பின்னாலேயே நகர்வது பச்சை நிறத்தில் தெரிந்தது. அப்பா 22 ஆண்டுகளாகப் பார்த்துவரும் காட்சியை நான் அன்றுதான் பார்த்தேன்.

தொடர்ச்சி என்று ஒன்று உண்டு. ‘பதேர் பாஞ்சாலி’யில் சிறுவனும் அக்காளும் வெண்பூ நாணல் வெளியில் ரயிலைப் பார்க்கும் காட்சியை 1952 அக்டோபரில் ராய் ஒருநாள் பாதி எடுத்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மீதியை எடுக்கப் போனால் பூக்களைக் காணோம், மாடுகள் மேய்ந்துவிட்டிருந்தன. மறுபடி பூக்கும்வரை, அதாவது அடுத்த பருவம்வரை, காத்திருக்க வேண்டியதாயிற்று. எனக்கு மாடு வரவில்லை, முடிதிருத்தகம் வந்தது. சனிக்கிழமை தாடியோடு கம்பி அறுத்த அப்பா, மகள் படம் எடுக்கிறாளே என்று ஞாயிற்றுக்கிழமை சவரம் செய்துகொண்டு, வெளுத்த சட்டையும் போட்டுக்கொண்டு வந்து நின்றார். ஒரே கேட்டின் ஒரே கம்பியை இரண்டு வெவ்வேறு ஆட்கள் செய்வதுபோல் இருந்தது. திட்டவும் முடியவில்லை. சட்டையை மாற்றச் சொன்னேன். தாடிக்கு என்ன செய்வது? அன்று முழுவதும் கவசம் போட்ட முகத்தையும் முதுகையும் மட்டுமே எடுத்தேன்.

ஒலியை எல்லோரும் அலட்சியம் செய்கிறோம். படம் கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் பார்ப்பவர் பொறுப்பார். பேச்சுப் புரியவில்லை என்றால் எழுந்து போய்விடுவார். ஒலியின் செறிவு தொலைவின் இருமடிக்கு எதிர் விகிதம் என்பது நமக்குத் தெரிந்ததே. பேசுபவரிடமிருந்து 2 மீட்டரில் இருக்கும் கருவியை 1 மீட்டருக்குக் கொண்டுவந்தால் நான்கு மடங்கு. ஆகவே அம்மாவின் பழைய கைப்பேசியை ஒலிப்பதிவுக்கு வைத்து அப்பாவின் சட்டைப் பையில் போட்டேன். இரண்டு கருவிகளிலும் பதிவதைப் பின்னால் பொருத்த ஓர் அடையாளம் வேண்டும். சினிமாவில் பலகை தட்டுவார்கள். நாங்கள் சுத்தியலால் ஒரு தட்டு தட்டினோம். சுத்தியல் இரும்பைத் தொடும் படமும் ‘ணங்’ என்ற ஓசையும் சேரும் இடத்தில் இரண்டையும் பொருத்திவிட்டால் முடிந்தது.

கிரைண்டிங் மிஷின் ஓசை மட்டும் எவ்வளவு முயன்றும் கரகரவென்று உடைந்தே பதிந்தது. கருவி தாங்கும் அளவை ஒலி மீறிவிட்டால் பின்னால் குறைத்துப் பயனில்லை; எடுக்கும்போதே தள்ளி நிற்க வேண்டும். பட்டறைக்கு எட்டும் தொலைவில் தஞ்சாவூர் ரயில் பாதை. வண்டி வரும்போதெல்லாம் முதலில் நிறுத்தி நிறுத்தி எடுத்தேன். பிறகு அதுவும் ஊரின் ஓசைதானே என்று விட்டுவிட்டேன். அதனால் விளைந்த வினையைத் தொகுக்கும்போது அனுபவித்தேன். ஒரு துண்டில் ரயில் ஓசை பாதியில் இருக்கும். அடுத்த துண்டில் சட்டென்று நிற்கும். படத்தில் தெரியாத வெட்டு காதில் தெரிந்துவிடும். இதற்கு மருந்து, ஒருவரும் பேசாமல் இடத்தின் பொது ஓசையை மட்டும் ஒரு நிமிடம் தனியே பதிந்து வைத்துக்கொண்டு, எல்லாத் துண்டுகளுக்கும் அடியில் மெல்லிய கம்பளம்போல் விரித்துவிடுவது.

மூன்று ஞாயிறும் ஒரு சனியுமாக 38 நிமிடம் எடுத்தேன். தொகுப்புக்கு இலவசச் செயலியே போதும். முதலில் எல்லாவற்றையும் கணினி மையத்தில் ஒரு பிரதி எடுத்து வைத்தேன். (நம் வகுப்புத் தோழி ஒருத்தி பிரதி எடுக்காமல் கைப்பேசியைத் தண்ணீர்த் தொட்டியில் போட்ட கதை எல்லோருக்கும் தெரியும்.) பிறகு நோட்டுத் திட்டப்படி நல்ல துண்டுகளை வரிசையாக அடுக்கினேன். 11 நிமிடம் வந்தது. அதைக் குறைப்பதுதான் கடினம். அழகான துண்டு வேறு, வேண்டிய துண்டு வேறு. வெட்டும் இடம் பற்றிப் பழகியவர்கள் சொல்லும் ஒரு வழி உண்மையிலேயே பயன்பட்டது: அசைவின் நடுவில் வெட்ட வேண்டும். அப்பா சுத்தியலை ஓங்குவது தூரக் காட்சி. இறங்குவது அருகுக் காட்சி. கண் அசைவைத் தொடர்ந்து போவதால் வெட்டைக் காணாது. அடுத்த காட்சியின் ஓசையை ஒரு வினாடி முன்னதாகவே கேட்கவிட்டாலும் இணைப்பு மென்மையாகும். பக்கம் புரள்வது, நட்சத்திரம் வெடிப்பது முதலான வித்தைகள் செயலியில் நூறு உண்டு. நான் ஒன்றும் தொடவில்லை. பட்டறையில் நட்சத்திரம் ஏற்கெனவே போதிய அளவு இருந்தது. சினிமாப் பாட்டும் சேர்க்கவில்லை. அது வேறொருவர் உடைமை.

இனி நான் படத்தைக் கெடுத்த கதை.

1920-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ரஷ்யாவில் குலெஷோவ் என்ற இயக்குநர் ஒரு சோதனை செய்தார். உணர்ச்சி எதுவும் காட்டாத ஒரு நடிகரின் முகத்தை எடுத்து, அதை ஒரு கிண்ணம் சூப்புடனும், ஒரு சவப்பெட்டியுடனும், ஒரு பெண்ணுடனும் தனித்தனியே ஒட்டிக் காட்டினார். பார்த்தவர்கள் அந்த முகத்தில் பசியையும் துயரத்தையும் ஆசையையும் கண்டு நடிப்பைப் புகழ்ந்தார்களாம். முகமோ மூன்று இடத்திலும் ஒன்றே. இரண்டு துண்டுகளுக்கு நடுவில் இல்லாத ஒரு பொருளைப் பார்ப்பவர் மனமே உண்டாக்கிக்கொள்கிறது. இதைப் படித்ததும் எனக்கு ஒரு யோசனை தோன்றியது.

எங்கள் வீட்டுக்குக் கேட்டு இல்லை. தகரக் கதவு ஒன்று, கீழே துருப்பிடித்து, கல் முட்டுக் கொடுத்து நிற்கிறது. அதை 5 வினாடி எடுத்தேன். கிரைண்டிங் முடித்து அப்பா கவசத்தைக் கழற்றித் துண்டால் கண்ணையும் முகத்தையும் துடைத்துக்கொள்ளும் துண்டு ஒன்று என்னிடம் இருந்தது. படத்தின் இறுதியில், கேட்டு வண்டியில் ஏறிப் போகிறது, எங்கள் தகரக் கதவு, அப்பா கண்ணைத் துடைக்கிறார், இருட்டு. தோழியரிடம் காட்டினேன். இரண்டு பேர் அழுதே விட்டார்கள். பரிசு எனக்குத்தான் என்று உறுதியாகிவிட்டது.

அன்றிரவு வீட்டில் காட்டினேன். அப்பா படம் முழுவதும் ஒன்றும் பேசாமல் பார்த்தார். முடிந்ததும், “ரெட் ஆக்சைடு அடிச்சதுக்கு அப்புறம் எவனாச்சும் கிரைண்டிங் புடிப்பானா? மாத்திப் போட்டிருக்கே” என்றார். உண்மைதான். இரண்டு துண்டுகள் இடம் மாறியிருந்தன. குறித்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து, “நான் எப்பப் பாப்பா அழுதேன்?” என்று கேட்டார்.

“அழுவலப்பா. அது அப்படி வச்சா...” என்று இழுத்தேன்.

“வேர்வையைத் தொடச்சேன். நம்ம வீட்டுல கேட்டு இல்லைன்னு நான் என்னைக்காச்சும் வருத்தப்பட்டுப் பாத்திருக்கியா? பட்டறையில நாலு பேரு இதப் பாப்பாங்க.”

நான் குலெஷோவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். சோற்றைப் பரிமாறிக்கொண்டிருந்த அம்மா, “வருத்தம் உனக்குத்தானடி? அப்ப உன் மூஞ்சியக் காட்டு. அவர் மூஞ்சிய எதுக்குக் காட்டுறே?” என்றார்.

அம்மா பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவர். நான் படித்த எந்த விளக்கத்திலும் இவ்வளவு தெளிவாக இது சொல்லப்படவில்லை. தகரக் கதவைப் பார்த்து வெட்கப்பட்டவள் நான். கல்லூரியில் சேர்ந்த புதிதில், தோழியர் வீட்டுக்கு வருகிறோம் என்றபோது ஏதேதோ சொல்லித் தட்டிக் கழித்தவள் நான். என் வெட்கத்தை எடுத்து அப்பாவின் கண்ணில் ஒட்டியிருந்தேன். அவர் சிந்தாத கண்ணீருக்கு இரண்டு பேர் அழுதிருக்கிறார்கள்.

கற்பனைக் கதையில் இப்படி ஒட்டுவது கலை. நடிகருக்கு அது தெரியும், ஒப்புக்கொண்டுதான் நிற்கிறார். உண்மை மனிதரை அவர் பெயரோடும் ஊரோடும் காட்டும் படத்தில் இதே காரியம் வேறாகிவிடுகிறது. எந்த இடத்தில் எல்லை என்று என்னால் கோடு போட்டுச் சொல்ல இயலவில்லை. சுத்தியல் ஓங்குவது ஒரு நாள், இறங்குவது இன்னொரு நாள் எடுத்ததை நான் ஒட்டியிருக்கிறேன். அதுவும் பொய்தானே என்று ஒரு தோழி மடக்கினாள். அந்த வெட்டை அப்பாவிடம் காட்டிக் கேட்டேன். “அடிச்சது நான்தானே, இருக்கட்டும்” என்றார். இப்போதைக்கு என்னிடமுள்ள அளவுகோல் இது ஒன்றுதான்: படத்தில் இருப்பவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு அந்தத் துண்டைப் போட்டுக் காட்ட முடியுமா?

தோழியர், “அந்த இடம்தான் படத்துக்கு உயிர், எடுக்காதே” என்றார்கள். கடைசி நாள் இரவு 11 மணிவரை மனம் அலைபாய்ந்தது. பிறகு தகரக் கதவை எடுத்துவிட்டேன். ரெட் ஆக்சைடையும் கிரைண்டிங்கையும் உரிய வரிசையில் வைத்தேன். படம் 4 நிமிடம் 6 வினாடியில் நின்றது. அதைத்தான் போட்டிக்கு அனுப்பினேன். பரிசு கிடைக்கவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அப்பா முகம் துடைக்கும் துண்டு இப்போது கிரைண்டிங் முடிந்த இடத்தில், அது நிகழ்ந்த இடத்திலேயே இருக்கிறது. 4 வினாடி. துடைத்துவிட்டு, வாசல் பக்கம் திரும்பி, “டீ சொல்லுப்பா” என்கிறார். அடியில் தஞ்சாவூர் வண்டி போகும் ஓசை கேட்கும்.